சாலட்டுக்குச் செக்கு நல்லெண்ணெய்: பிரிக்பீல்ட்ஸில் வாங்கிய போத்தல் எப்படி?

சாலட்டுக்கு என்ன எண்ணெய் ஊற்றலாம் என்று யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் ஆலிவ் எண்ணெய் என்கிறார்கள். நான் கொஞ்ச காலமாக மரச்செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயை வைத்து வீட்டிலேயே டிரெஸ்ஸிங் செய்து வருகிறேன். அந்த எண்ணெயைப் பற்றித்தான் இந்த விமர்சனம். அரை லிட்டர் போத்தல் 28 வெள்ளி (ரிங்கிட்), கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஸ்காட் ரோடு பக்கம் ஒரு மளிகைக் கடையில் வாங்கியது, தமிழ்நாட்டுச் சரக்கு. எண்ணெய் அருமை. போத்தல் மோசம். லேபிள் அதைவிட மோசம். வாங்கலாமா என்றால் தாராளமாக வாங்கலாம், ஆனால் எந்தக் காய்க்கு ஊற்றப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும், ஏனென்றால் இது எல்லா இலைக்கும் ஒத்துப்போகிற எண்ணெய் இல்லை.

நல்லெண்ணெயைப் பச்சையாகச் சாப்பிடுவது நமக்கு ஒன்றும் புதிது கிடையாது. இட்லிப்பொடிக்கு நடுவில் குழி பறித்து ஊற்றுகிறோமே, அது அடுப்பில் ஏறாத எண்ணெய்தானே? வத்தக்குழம்புச் சோற்றுக்கு மேலே ஒரு கரண்டி, பருப்புப்பொடி பிசையும்போது ஒரு கரண்டி, எல்லாம் பச்சை எண்ணெய்தான். புளிப்பையும் காரத்தையும் தணித்து, அதே சமயம் அவற்றின் ருசியை நாக்கில் நிறுத்தி வைப்பது இந்த எண்ணெயின் குணம். டிரெஸ்ஸிங்கில் எண்ணெய்க்கு இருக்கிற வேலையும் அதுதான். இருந்தும் வெள்ளரிக்காயும் தக்காளியும் நறுக்கி வைத்த தட்டுக்கு மட்டும் நாம் அந்தப் போத்தலை எடுப்பதில்லை. எடுத்துப் பாருங்கள் என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

சரி, எண்ணெய்க்கு வருவோம். மூடியைத் திறந்தால் வறுத்த வாசம் வராது. பச்சை எள்ளை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால் வருகிற வாசம், அதற்குப் பின்னால் லேசான கருப்பட்டி இனிப்பு. செக்கில் எள் ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பது வழக்கம், எண்ணெய் பிரிந்து வருவதற்கு அது உதவுகிறது, அந்தச் சாயல்தான் கடைசியில் நாக்கில் தங்குகிறது. பொன்பழுப்பு நிறம், அடியில் மெல்லிய வண்டல். வண்டலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், சுத்திகரிக்காத எண்ணெயில் அது இருக்கத்தான் செய்யும், குலுக்காமல் மேலாக ஊற்றிக்கொண்டால் போதும். தொண்டையில் இறங்கும்போது ஒரு சின்னக் கசப்பு இருக்கிறது. எனக்கு அது பிடிக்கிறது, என் மகளுக்குப் பிடிக்கவில்லை, அவளுடைய தட்டுக்கு எண்ணெயைக் குறைத்துத் தேனைக் கொஞ்சம் கூட்டுகிறேன்.

சீனக் கடைகளில் சின்னப் போத்தலில் வரும் கறுத்த எள்ளெண்ணெயோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது, இதை அழுத்தியே சொல்கிறேன். அது நன்றாக வறுத்த எள்ளில் எடுத்தது. நூடல்ஸ் மேல் நாலைந்து சொட்டு விட்டால் பிரமாதமாக இருக்கும், ஆனால் கரண்டிக் கணக்கில் டிரெஸ்ஸிங்கில் ஊற்றினால் காயின் ருசி ஒன்றுகூடத் தெரியாது. பேரங்காடிகளில் கிடைக்கும் பெரிய கம்பெனி நல்லெண்ணெயும் பயன்படுத்திப் பார்த்தேன். தாளிக்க அது நல்லதுதான், டிரெஸ்ஸிங்குக்கும் ஆகாது என்று சொல்ல முடியாது, ஆனால் வாசம் கொஞ்சம் அடங்கி இருக்கிறது. சமைக்காமல் சாப்பிடும்போது எண்ணெயின் வாசம் ஒளிய இடமே இல்லை என்பதால் அந்த வித்தியாசம் உடனே தெரிந்துவிடுகிறது.

28 வெள்ளி அதிகமா? எள்ளின் எடையில் பாதிதான் எண்ணெய். செக்கு மெதுவாகச் சுற்றுவதால் சூடு ஏறாது, அதே காரணத்தால் கடைசிச் சொட்டு வரை பிழிந்தெடுக்கவும் முடியாது, கொஞ்சம் பிண்ணாக்கிலேயே தங்கிவிடும். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு இரண்டு கிலோவுக்கு மேல் எள் வேண்டும், அப்புறம் கப்பலில் வர வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் விலை நியாயமாகவே படுகிறது. செக்கு எண்ணெய் என்று எழுதி இதில் பாதி விலைக்கு யாராவது விற்றால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

இப்போது டிரெஸ்ஸிங். எண்ணெய், புளிப்பு, உப்பு, இந்த மூன்றும் இருந்தால் டிரெஸ்ஸிங் ஆகிவிட்டது, மற்றதெல்லாம் அவரவர் விருப்பம். புளிப்புக்கு நான் வினிகர் சேர்ப்பதில்லை, லீமாவ் கஸ்தூரிதான். பச்சைத் தோலும் உள்ளே ஆரஞ்சு நிறமுமாகச் சின்னச் சின்னதாக பசாரில் குவித்து வைத்திருப்பார்களே, அதுதான். அதன் சாற்றில் எலுமிச்சையின் புளிப்போடு ஆரஞ்சுத் தோலின் வாசமும் சேர்ந்தே வருகிறது, நல்லெண்ணெயின் அந்தச் சின்னக் கசப்புக்கு இதைவிடப் பொருத்தமான துணை எனக்குக் கிடைக்கவில்லை. வெறும் வினிகரோடு கலந்தால் இரண்டும் தனித்தனியாகவே நிற்கின்றன. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும், கஸ்தூரியில் விதை அதிகம், விதையோடு சேர்த்து நசுக்கினால் சாறு கசந்துவிடும், தேயிலை வடிகட்டியைக் கீழே பிடித்துக்கொண்டு மெதுவாகப் பிழியுங்கள்.

நாலு பேருக்கு நான் செய்கிற அளவைச் சொல்கிறேன். அரைத் தேக்கரண்டி கடுகைப் பொடித்து ஒரு தேக்கரண்டி தண்ணீரில் குழைத்துப் பத்து நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள். இந்த இடத்தில் அவசரம் கூடாது. முழுக்கடுகை வாயில் போட்டால் சட்டென்று காரம் தெரியாது, விதை உடைந்து தண்ணீர் பட்ட பிறகுதான் அந்தக் காரமே உருவாகிறது, புளிப்பு முந்திக்கொண்டு பட்டால் அது பாதியிலேயே மந்தமாகிவிடும். பத்து நிமிடம் கழித்து ஒன்றரை மேசைக்கரண்டி கஸ்தூரிச் சாறு, அதாவது ஐந்தாறு பழம், கால் தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி சீவிய குலா மலாக்கா (தென்னை வெல்லம்) அல்லது தேன், எல்லாவற்றையும் போட்டுக் கரையும்வரை கலக்குங்கள். உப்பு எண்ணெயில் கரையாது, அதனால் எண்ணெய் ஊற்றுவதற்கு முன்பே சாற்றில் அதைக் கரைத்துவிட வேண்டும், இல்லையென்றால் கடைசி வாயில்தான் உப்பு முழுவதும் இருக்கும். அப்புறம் மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெய், கொஞ்சம் சரவாக் மிளகு. பழைய ஜாம் போத்தலில் ஊற்றி மூடி நன்றாகக் குலுக்கினால் முடிந்தது வேலை.

வெளிநாட்டுச் சமையல் குறிப்புகளில் மூன்று பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு புளிப்பு என்று இருக்கும். இந்த எண்ணெயின் வாசம் பலமானது, அந்தக் கணக்கில் செய்தால் நாக்கில் எண்ணெய்தான் மிஞ்சுகிறது, எனக்கு இரண்டுக்கு ஒன்றுதான் சரியாக வருகிறது. குலுக்கும்போது எண்ணெய் பொடிப்பொடித் துளிகளாக உடைந்து சாற்றுக்குள் பரவிக் கொஞ்ச நேரம் கெட்டியாக நிற்கும், கடுகுத் தோலில் இருக்கிற பிசின் அந்தத் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடாமல் தடுக்கிறது. கடுகு போடாமல் செய்தால் மேசைக்குக் கொண்டுபோவதற்குள் எண்ணெய் மேலேயும் சாறு கீழேயுமாகப் பிரிந்துவிடும், மறுபடி குலுக்கினால் சேர்ந்துகொள்ளும், அதனால் கடுகு பிடிக்காதவர்கள் விட்டுவிடலாம். மிக்சியில் அடிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆலிவ் எண்ணெயில் செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை, எக்ஸ்ட்ரா வர்ஜின் ஆலிவை மிக்சியில் வேகமாக அடித்தால் கசப்பு ஏறிவிடும், கையால் கலக்குங்கள்.

எந்தக் காய்க்கு நன்றாக இருக்கிறது என்று நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் போத்தல் வாங்கியவர்கள் திருப்திப்படுவதும் திட்டுவதும் இதை வைத்துத்தான். முதலிடம் வல்லாரைக்கு. பசாரில் பெகாகா என்று கட்டுக்கட்டாக விற்பார்கள், அதைக் கழுவி, தண்டைக் கிள்ளி, சின்ன வெங்காயம் மெல்லிசாக அரிந்து போட்டு, தேங்காய்த் துருவல் ஒரு கைப்பிடி சேர்த்து இந்த டிரெஸ்ஸிங்கை ஊற்றினால் வல்லாரையின் கசப்பும் எண்ணெயின் கசப்பும் ஒன்றையொன்று தணித்துவிடுகின்றன, வல்லாரையைத் தொடாத என் வீட்டுக்காரர் இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அடுத்தது காச்சாங் போத்தோல், நம் சிறகவரை. பிஞ்சாகப் பார்த்து வாங்கிக் குறுக்கே நறுக்கினால் நட்சத்திரம் நட்சத்திரமாக விழும், அந்த மடிப்புகளுக்குள் டிரெஸ்ஸிங் போய் உட்கார்ந்துகொள்ளும். செங்குவாங், கேரட், கொஞ்சம் புளிப்பு மாங்காய் மூன்றையும் நீளநீளமாகச் சீவி இதை ஊற்றுவது விருந்துக்குக்கூட வைக்கலாம். ஊலாம் ராஜா என்கிற கீரைக்குச் சொந்தமாகவே மாங்காய் வாசம் உண்டு, அதற்கு எண்ணெயைப் பாதியாகக் குறைத்துவிடுவேன். மலாய்க்காரர்கள் ஊலாமை, அதாவது பச்சைக் கீரை காய்களை, இறால் விழுது சேர்த்த சம்பல் பெலாச்சானோடு சாப்பிடுவது போல நாம் இதோடு சாப்பிடலாம், சைவம் சாப்பிடுகிற வீடுகளுக்கு இது நல்ல வழி.

தக்காளிக்கும் முட்டைக்கோசுக்கும் பரவாயில்லை ரகம்.

சரிப்பட்டு வராதது எது என்றால் கேமரன் மலையிலிருந்து வரும் மெல்லிய சாலட் இலைகள். பட்டர்ஹெட் மாதிரி மிருதுவான இலையில் ஊற்றினால் இலையின் ருசி காணாமல் போய், வாயில் எண்ணெய் வாசம்தான் நிற்கிறது. அப்படிப்பட்ட இலைக்குப் பாதி நல்லெண்ணெய், பாதி சூரியகாந்தி எண்ணெய் என்று கலந்துகொண்டால் சமாளிக்கலாம், இல்லை ஆலிவ் எண்ணெய்க்கே போய்விடலாம், அதில் எனக்குப் பிடிவாதம் கிடையாது. எந்த இலையானாலும் கழுவிய பிறகு துணியில் ஒற்றி நன்றாக ஈரம் போக்குங்கள், ஈர இலையில் எண்ணெய் ஒட்டாமல் வழிந்து கிண்ணத்தின் அடிக்குப் போய்விடும். ஊற்றுவதும் சாப்பிட உட்காரும்போதுதான். உப்பு பட்டால் வெள்ளரிக்காய் தண்ணீர் விடும், எண்ணெய் பட்ட இலையும் சீக்கிரம் துவண்டுவிடும், வேலைக்கு எடுத்துப் போகிறவர்கள் டிரெஸ்ஸிங்கைத் தனிச் சின்ன டப்பாவில் கொண்டுபோங்கள்.

கடையில் விற்கிற ரெடிமேட் டிரெஸ்ஸிங்கோடு ஒப்பிட்டால்? காசு மிச்சம் என்று நினைத்து இதில் இறங்க வேண்டாம். என் கணக்குப்படி மேலே சொன்ன அளவுக்கு எண்ணெய் மட்டும் இரண்டரை வெள்ளி, மற்றதெல்லாம் சேர்த்தால் மூன்று வெள்ளிக்குக் கொஞ்சம் மேலே, கிடைப்பது 70 மில்லி சுமார். கால் லிட்டர் கணக்கில் பார்த்தால் பன்னிரண்டு வெள்ளிக்குப் பக்கத்தில் வந்துவிடும், பேரங்காடியில் அந்த விலைக்கே ஒரு போத்தல் டிரெஸ்ஸிங் கிடைக்கும். வித்தியாசம் உள்ளே இருக்கிறது. இங்கே மலேசியாவில் உணவு லேபிளில் எது அதிகமோ அது முதலில் என்ற வரிசையில்தான் சேர்மானங்களை எழுத வேண்டும், 1985 உணவு விதிமுறைகளில் இருக்கிற விஷயம் இது. அடுத்த முறை போத்தலைத் திருப்பி முதல் மூன்று பெயர்களைப் படித்துப் பாருங்கள். நான் எடுத்துப் பார்த்த பலவற்றில் தண்ணீரும் சர்க்கரையும் முன்வரிசையில் நிற்கின்றன, முன்பக்கம் பெரிதாக எள் படம் போட்டிருந்தாலும் பின்பக்கத்தில் எள் எங்கேயோ கடைசியில் இருக்கிறது. 415 என்று இருந்தால் அது சாந்தன் கம், கெட்டியாக நிற்பதற்காகச் சேர்ப்பது, அதில் எனக்குப் புகார் இல்லை. முட்டை சாப்பிடாதவர்கள் மட்டும் வெள்ளையாகக் கெட்டியாக இருக்கிற டிரெஸ்ஸிங்கைக் கவனமாகப் படித்து வாங்குங்கள், மஞ்சள் கரு சேர்த்தவை நிறைய இருக்கின்றன. நமக்குப் பிடித்த எண்ணெயை, நமக்குப் பிடித்த புளிப்பில், இனிப்பைக் குறைத்துச் செய்துகொள்ளலாம் என்பதுதான் வீட்டில் செய்வதில் எனக்குக் கிடைக்கிற லாபம். இதையும் சொல்லிவிடுகிறேன், செக்கு எண்ணெயானாலும் அது எண்ணெய்தான், ஒரு மேசைக்கரண்டியில் 120 கலோரி சுமாராக இருக்கிறது, காய்கறி என்ற பெயரில் தாராளமாக ஊற்றிக்கொள்ளக் கூடாது.

இனி குறைகள். போத்தல் மெல்லிய பிளாஸ்டிக், உள்மூடி கிடையாது, ஊற்றும்போது ஒரு கோடு எண்ணெய் எப்போதும் வெளிப்பக்கம் வழிகிறது, இரண்டே நாளில் லேபிள் முழுக்கப் பிசுபிசுப்பு. கண்ணாடி போலத் தெளிவான போத்தல் வேறு. எண்ணெய்க்கு வெளிச்சம் ஆகாது என்று தெரிந்தும் இந்த விலைச் சரக்கை இப்படி அடைத்து அனுப்புவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் அடர்நிறக் கண்ணாடிப் போத்தலுக்கு மாற்றிவிடுகிறேன். அதைவிடப் பெரிய குறை, ஆட்டிய தேதி அச்சடித்த இடத்தின் மேலேயே இறக்குமதியாளரின் ஸ்டிக்கரை ஒட்டியிருக்கிறார்கள். காலாவதித் தேதி தெரிகிறது, ஆட்டிய தேதி தெரியவில்லை. செக்கு எண்ணெயை வாசத்துக்காகத்தான் இந்த விலை கொடுத்து வாங்குகிறோம், அது எப்போது ஆட்டியது என்று தெரிந்துகொள்ளும் உரிமை வாங்குபவருக்கு உண்டு.

கடையைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. "அண்ணே, புதுச் சரக்கு எது?" என்று கேட்டதற்கு, "முன்னாடி இருக்கிறத எடுக்காதீங்கக்கா, உள்ள நேத்து இறங்குன பெட்டி இருக்கு" என்று சொல்லி உள்ளே போய் எடுத்து வந்தார். திறந்து வைத்திருந்த போத்தலிலிருந்து உள்ளங்கையில் ரெண்டு சொட்டு விட்டு முகர்ந்து பார்க்கவும் சொன்னார். இப்படிக் கேட்டு வாங்க முடிவதற்காகவே ஆன்லைனில் வாங்காமல் நேரில் போகிறேன். கார் நிறுத்துவது அந்தப் பக்கம் கஷ்டம், கேஎல் சென்ட்ரலில் இறங்கி நடப்பது நல்லது.

எடுத்து வைப்பது பற்றியும் சொல்ல வேண்டும். எள்ளில் செசமின், செசமோலின் என்று எண்ணெய் சீக்கிரம் காறிப்போகாமல் காக்கிற பொருட்கள் இயற்கையாகவே இருக்கின்றன, நம் ஊறுகாய் ஜாடிகளில் நல்லெண்ணெய் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால் எண்ணெயை வெயில் படாத அலமாரியில் வைத்தால் போதும், அடுப்புப் பக்கத்தில் மட்டும் வேண்டாம். கலந்து முடித்த டிரெஸ்ஸிங்கை ஐஸ்பெட்டியில் வைக்க வேண்டும். ஆலிவ் எண்ணெய் டிரெஸ்ஸிங் ஐஸ்பெட்டியில் உறைந்து கட்டியாகிவிடும், நல்லெண்ணெய் அப்படி உறைவதில்லை, எடுத்ததும் ஊற்றலாம், காலையில் அவசரமாகக் கிளம்புகிறவர்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் கஸ்தூரிச் சாற்றின் வாசம் மறுநாளே பாதி போய்விடுகிறது, ஆகவே கொஞ்சமாகச் செய்து அன்றைக்கே முடித்துவிடுவது நல்லது.

பூண்டு போடுகிறவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். பச்சைப் பூண்டை எண்ணெயில் ஊறப்போட்டு மேசையிலேயே வைத்திருப்பது ஆபத்து. காற்றுப் படாத எண்ணெய்க்கு அடியில் பொட்டுலிசம் நோயை உண்டாக்கும் கிருமி வளர்ந்து நச்சு சேர முடியும், வாசத்திலோ ருசியிலோ நமக்கு ஒன்றும் தெரியாது. நம் ஊர்ச் சூட்டில் இது இன்னும் மோசம். பூண்டு வேண்டுமென்றால் அன்றைக்கு ஊற்றுகிற டிரெஸ்ஸிங்கில் நசுக்கிப் போட்டுச் சாப்பிட்டுவிடுங்கள், மிஞ்சினால் உடனே ஐஸ்பெட்டியில் வைத்து நாலு நாளுக்குள் முடித்துவிடுங்கள். விருந்தாளிகளுக்கு வைக்கும்போது எள் ஒவ்வாமை யாருக்காவது இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், சுத்திகரிக்காத எண்ணெய் அவர்களுக்கு ஆகாது.

அதே கடையில் 200 மில்லி போத்தலும் இருக்கிறது, 13 வெள்ளி. கணக்குக்கு விலை கொஞ்சம் கூடத்தான், ஆனாலும் முதல் தடவை வாங்குகிறவர்கள் அதையே எடுங்கள். கசப்பு பிடிக்கவில்லை என்றால் மிச்சத்தை இட்லிப்பொடிக்கு வைத்துக்கொள்ளலாம், வீணாகப் போகாது.